காகிதப் படிவத்திலிருந்து கணினிக்கு: மண்டல அலுவலகங்களில் கணக்கெடுப்புத் தரவுப் பதிவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல மாவட்டங்களில் மண்டல அலுவலகம் வைத்துப் பணியாற்றும் தொண்டு நிறுவனங்கள், வீடு வீடாகச் சென்று காகிதப் படிவத்தில் எடுத்த கணக்கெடுப்பைக் கணினியில் ஏற்றும்போது வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில், சென்னையில் தலைமை அலுவலகமும் நாகப்பட்டினம், தருமபுரி, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் மண்டல அலுவலகமும் கொண்ட ஒரு நிறுவனம், நிலம், குடிநீர், சுயஉதவிக் குழுக் கடன் ஆகியவை குறித்து 6,000 வீடுகளில் கேட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கைப்பேசியிலேயே கேட்டுப் பதிந்துவிடலாமே, இன்னும் ஏன் காகிதம்?

முடிந்தால் கைப்பேசியில் எடுப்பதே நல்லது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2005–06 சுற்றில் காகிதத்தில் நடந்து, 2015–16 சுற்றில் கையடக்கக் கணினிக்கு மாறிவிட்டது. ஆனால் ஒரே ஒரு கணக்கெடுப்புக்காக நாற்பது கருவிகளை வாங்க முடியாத நிறுவனங்களும், படிவத்தில் கையொப்பமோ கைரேகையோ வேண்டும் என்று நிதி வழங்குவோர் கேட்கும் திட்டங்களும், ஏற்கெனவே காகிதத்தில் எடுத்து அலமாரியில் கிடக்கும் அடிப்படை ஆய்வுகளும் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்தப் பக்கம் அவர்களுக்கானது.

பதிவை மண்டல அலுவலகங்களில் செய்வதா, எல்லாப் படிவங்களையும் சென்னைக்கு வரவழைத்துச் செய்வதா?

மண்டலத்தில் செய்ய வேண்டும் என்பதே என் பரிந்துரை. செலவு இதற்குக் காரணம் அன்று. ஐயங்களைத் தீர்ப்பதுதான் காரணம். எந்தப் படிவத்திலும் ஒன்றிரண்டு இடங்களில் எழுத்து புரியாது, அல்லது இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். அதைத் தீர்த்துவைக்கக்கூடியவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய கணக்கெடுப்பாளர் ஒருவர்தான். அவரிடம் ஒரு வாரத்துக்குள் கேட்டால் நினைவிலிருந்து சொல்வார், அல்லது மறுநாள் அந்தத் தெரு வழியாகப் போகும்போது கேட்டு வந்துவிடுவார். இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து தொலைபேசியில் கேட்டால் அவரிடமிருந்து கிடைப்பது ஊகம்தான். சில சமயம் அவரே வேறு வேலைக்குப் போயிருப்பார்.

வட்டார வழக்கும் ஒரு காரணம். நாகப்பட்டினத்துப் படிவத்தில் நிலம் என்ற இடத்தில் ‘3 மா’ என்று எழுதியிருந்தால் நாகப்பட்டினத்துக்காரருக்கு அதில் குழப்பமே இல்லை; மா என்பது அங்கே நில அளவு. அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் அதை மாதம் அல்லது மாடு என்பதன் சுருக்கமாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

மண்டலத்தில் செய்வதற்கும் குறைகள் உண்டு. நான்கு அலுவலகம் என்றால் நான்கு பழக்கம் உருவாகிவிடும். தரவுப் பதிவுக்கென்று அமர்த்தியவரை வவுச்சர் அச்சிடவும் பயிற்சிக்குச் சாப்பாடு சொல்லவும் இழுத்துக்கொள்வது மண்டல அலுவலகங்களின் இயல்பு; அதற்கு ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகப் பேசி, பதிவு நேரம் என்று ஒரு நேரத்தை ஒதுக்கி வாங்கிவிட வேண்டும். மொத்தம் சில நூறு படிவங்கள்தான் என்றால் ஒரே இடத்தில் முடிப்பது எளிது. அப்போதும் கணக்கெடுப்பாளர்கள் பணியில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

அப்படியானால் தலைமை அலுவலகத்துக்கு என்ன வேலை?

ஒரே மாதிரி இருக்க வேண்டியவை எல்லாம் தலைமை அலுவலகத்தின் பொறுப்பு. எந்த விடைக்கு எந்த எண் என்று சொல்லும் குறியீட்டுக் கையேடு ஒன்றுதான் இருக்க வேண்டும்; பதிவுத் திரையும் ஒன்றுதான் இருக்க வேண்டும்; அவற்றில் எந்த மாற்றமும் சென்னையிலிருந்து மட்டுமே வர வேண்டும். ‘எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணறு இரண்டு வகை, அதனால் குறியீடு 7-ஐச் சேர்த்துக்கொண்டோம்’ என்று தருமபுரி தானாக ஒன்றைச் சேர்க்க, அதே வாரம் இராமநாதபுரம் லாரித் தண்ணீருக்கு அதே 7-ஐக் கொடுத்துவிட்டால், நான்கு கோப்புகளையும் சேர்த்த பிறகு 7 என்பதற்கு இரண்டு பொருள். கோப்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எண் சரியாகவே தெரியும். மண்டலம் கேட்பதில் நியாயம் இருந்தால் குறியீட்டைச் சேர்த்து, கையேட்டின் பதிப்பு எண்ணை ஒன்று உயர்த்தி, நான்கு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்புவதே வழி.

படிவ எண்ணை எப்படி அமைப்பது?

பெயரை வைத்து ஒரு குடும்பத்தை அடையாளம் காண முடியாது. ஒரே தெருவில் மூன்று ‘மு. லட்சுமி’ இருப்பார்கள், திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து என்று ஒருவரே இரண்டு பெயரில் வருவார். ஆகவே எண் வேண்டும், அதுவும் படிவம் அச்சாகும்போதே அச்சாகியிருக்க வேண்டும். மண்டலத்துக்கு ஓர் இலக்கம், கிராமத்துக்கு மூன்று, குடும்பத்துக்கு மூன்று, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என எட்டு இலக்கம் போதும். மண்டலத்தை முதல் இலக்கமாக வைத்தால், இரண்டு அலுவலகங்கள் ஒரே எண்ணைக் கொடுத்துவிடும் சிக்கல் எழாது. அந்த முதல் இலக்கம் சுழியமாக இருக்கக்கூடாது. எக்செல் அதை விழுங்கிவிடும்.

சரிபார்ப்பு இலக்கம் என்பது மற்ற ஏழு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. நெதர்லாந்தைச் சேர்ந்த வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்ட முறை, ஓர் இலக்கம் மாறித் தட்டப்பட்டாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் தவறாமல் காட்டிக்கொடுக்கும். ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் இந்த முறையில்தான் வருகிறது. படிவ எண் தவறினால் மற்ற எல்லா விடைகளும் சரியாக இருந்தும் பயனில்லை என்பதால், சில வரிக் கணினிக் கட்டளை எழுதும் இந்தச் சிறு உழைப்பு வீண் போகாது.

மாவட்டம், கிராமம் ஆகியவற்றுக்கு எந்தக் குறியீட்டைப் பயன்படுத்துவது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறியீடுகளைப் பயன்படுத்துவோர் அதிகம். ஆனால் அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும் 2020-இல் மயிலாடுதுறையும் பிரிக்கப்பட்டு இப்போது 38. நாகப்பட்டினம் அலுவலகம் சீர்காழிப் பக்கம் எடுத்த படிவங்களும் திருநெல்வேலி அலுவலகம் சங்கரன்கோவில் பக்கம் எடுத்தவையும் பழைய பட்டியலில் ஒரு மாவட்டம், இன்றைய பட்டியலில் வேறு மாவட்டம். ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கும் உள்ளாட்சி விவரப் பட்டியலின் குறியீட்டை முதன்மையாகக் கொண்டு, 2011 குறியீட்டைப் பக்கத்தில் இன்னொரு நிரலில் வைத்துக்கொண்டால் பழைய புள்ளிவிவரத்தோடு ஒப்பிடவும் வழியிருக்கும். உள்ளீட்டாளர் இவற்றைத் தட்டவே கூடாது. கிராமத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் மற்றவை தாமாக வந்து நிரம்ப வேண்டும்.

களத்திலிருந்து வரும் படிவங்களை எப்படிப் பெற்று, எப்படி அடுக்குவது?

இருபத்தைந்து படிவத்துக்கு ஒரு கட்டு. மேலே ஒரு கட்டுச் சீட்டு: கட்டு எண், கிராமம், கணக்கெடுப்பாளர், முதல் படிவ எண், கடைசிப் படிவ எண், எண்ணிக்கை, ஒப்படைத்த நாள், பெற்றவர் கையொப்பம், முதல் பதிவு செய்தவர், இரண்டாம் பதிவு செய்தவர் (சரிபார்ப்பதற்காக அதே படிவத்தை மறுபடி தட்டுபவர்). பூட்டியிருந்த வீடு, பேச மறுத்த வீடு ஆகியவற்றின் படிவங்களும் அதே கட்டில் இருக்க வேண்டும். அவற்றைத் தனியே எடுத்துப் போட்டுவிட்டால், எத்தனை வீட்டில் தொடங்கி எத்தனை வீட்டில் முடித்தோம் என்ற கணக்கே பின்னால் கிடைக்காது. ஒரு கட்டைப் பிரித்தவர் அதை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பதிந்த ஒவ்வொரு படிவத்தின் முதல் பக்க மூலையிலும் வண்ணப் பேனாவால் கையெழுத்துக் குறி இடச் சொல்லுங்கள். மின்தடைக்குப் பிறகு எதுவரை பதிந்தோம் என்ற கேள்விக்கு அதுதான் விடை.

எக்செல் போதாதா?

நூறு படிவத்துக்குப் போதும், ஆறாயிரத்துக்குப் போதாது. எக்செல் ஒரு கணக்குத் தாள், அதைப் பதிவுத் திரையாகப் பயன்படுத்தும்போது காவல் எதுவும் இல்லை. ஒரு நிரலை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால் ஒருவரின் கடன் இன்னொருவரின் பெயரோடு சேர்ந்துவிடும், அதைத் திருப்பவும் முடியாமல் போகலாம். நாள்களில் இன்னும் மோசம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால், ஆகஸ்ட் 5 என்று நினைத்துத் தட்டிய 5/8/2023 மே 8 ஆகிவிடும். ஆனால் 13/8/2023 என்று தட்டினால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நிரலில் பாதி நாள்கள் தவறு, மீதி நாள்களே அல்ல. பெரிய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல: 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தைப் பயன்படுத்தியதால் ஏறத்தாழ 16,000 கொரோனாத் தொற்றாளர்களின் விவரம் அன்றாட எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுப்போனது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இலவசமாகத் தரும் சிஎஸ்ப்ரோ என்ற மென்பொருள் இந்த வேலைக்காகவே செய்யப்பட்டது. திரையைப் படிவத்தைப் போலவே அமைக்கலாம்; எல்லை மீறிய எண்ணைத் தடுக்கலாம்; தாண்டிப் போக வேண்டிய கேள்விகளைத் தானே தாண்டும்; இரண்டாம் பதிவையும் ஒப்பீட்டையும் உள்ளேயே செய்யலாம். கற்றுக்கொள்ளச் சில நாள் பிடிக்கும், ஆனால் கற்க வேண்டியவர் தலைமை அலுவலகத்தில் ஒருவர் மட்டுமே. டென்மார்க்கிலிருந்து வரும் எபிடேட்டா என்ற மென்பொருளும் இலவசம், இன்னும் எளிது. சிறிய படிவங்களுக்கு நன்றாகப் பொருந்தும். கோபோ டூல்பாக்ஸின் இணையப் படிவத்தில் பதிவு செய்வோரும் உண்டு. அதில் தரவு உடனுக்குடன் ஓரிடத்தில் சேர்வது பெரிய வசதி. ஆனால் சுட்டியும் உருட்டலுமாக நீளும் திரையில் நாள் முழுவதும் தட்டுவது விசைப்பலகையின் எண் பகுதியில் தட்டுவதைவிட மெதுவானது. இரட்டைப் பதிவின் ஒப்பீட்டையும் வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

படிவத்தில் பிழை வெளிப்படையாகத் தெரிகிறது. உள்ளீட்டாளரே திருத்திப் பதியலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் தளர்த்தினாலும் இதைத் தளர்த்தாதீர்கள்.

ஒரு படிவத்தைப் பார்ப்போம். கேள்வி 31, குழுவுக்கு வெளியே வாங்கிய கடன் எவ்வளவு: 40,000. கேள்வி 32, வட்டி எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு: ‘2’. உள்ளீட்டாளருக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது, இது ரெண்டு வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. அவர் 24 என்று பதிகிறார். பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவே இருக்கும். ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவர் அதே விடையை 2 என்றே பதிகிறார். மூன்றாவது மண்டலத்தில் கணக்கெடுப்பாளரே 24 என்று மாற்றி எழுதியிருக்கிறார். இப்போது கோப்பில் இருக்கும் 2 என்ற எண்ணில் எது மாத வட்டி, எது அரசுத் திட்டம் ஒன்றில் உண்மையிலேயே கிடைத்த குறைந்த வட்டி என்று யாராலும் பிரிக்க முடியாது. ஒரே தவறை எல்லோரும் ஒரே மாதிரி செய்திருந்தால் ஒரு வரிக் கட்டளையில் சரிசெய்துவிடலாம். நல்லெண்ணத்தில் ஆளுக்கொரு விதமாகத் திருத்தியதை எந்தக் கட்டளையாலும் சரிசெய்ய முடியாது.

ஆகவே விதி இதுதான்: காகிதத்தில் உள்ளதை உள்ளபடி பதிய வேண்டும்; ஐயத்தை ஐயப் பதிவேட்டில் எழுத வேண்டும். படிவ எண், கேள்வி எண், காகிதத்தில் உள்ளது, ஐயம், யாரிடம் கேட்கப்பட்டது, என்ன விடை வந்தது, யார் முடிவு செய்தார், நாள் – இவ்வளவும் ஒரு வரி. மண்டல மேற்பார்வையாளர் அன்று மாலையே கணக்கெடுப்பாளரிடம் கேட்க வேண்டும். முடிவு கிடைத்ததும் காகிதத்தில் பழைய விடையை அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு, அருகில் புதியதைச் சிவப்பு மையால் எழுதி, சுருக்கொப்பமும் நாளும் இட்ட பிறகே கணினியில் மாற்ற வேண்டும். வெள்ளை மைத் திருத்தி மேசையிலேயே இருக்கக்கூடாது.

ஒரே ஐயம் மூன்று மண்டலத்திலிருந்து வந்தால், தவறு கேள்வியில் இருக்கிறது என்று பொருள். அதற்கான பொது விதியைத் தலைமை அலுவலகம் எழுதி, கையேட்டின் அடுத்த பதிப்பில் சேர்த்துவிட வேண்டும்.

நில அளவு, நகை, நாள் இவற்றை ஊருக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்களே?

சொன்னபடியே பதியுங்கள், அலகைத் தனி நிரலில் பதியுங்கள். நாகப்பட்டினத்தில் குழி, மா, வேலி. தருமபுரியில் ஏக்கர், சென்ட். திருநெல்வேலியில் பெரியவர்கள் விதைப்பாட்டை, அதாவது நிலத்துக்கு எவ்வளவு விதை வேண்டும் என்பதை, வைத்துக் கோட்டைக் கணக்கில் சொல்வதுண்டு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்பது காவிரிக் கழிமுகப் பகுதியின் கணக்கு. குழியின் அளவு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. மாற்றுவது பிறகு, ஒரே இடத்தில், ஒரே அட்டவணையைக் கொண்டு நடக்க வேண்டும். உள்ளீட்டாளர் மனக்கணக்காக மாற்றிப் பதிந்தால், அட்டவணையில் ஓர் எண் தவறு என்று பின்னால் தெரிந்தாலும் திரும்பிப் போக வழியிருக்காது. நகைக்கும் அப்படியே: பவுனா கிராமா என்பது தனி நிரல், ஒரு பவுன் 8 கிராம் என்ற கணக்கு பகுப்பாய்வில்.

நாளை நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துவிட்டால் மேலே சொன்ன எக்செல் குழப்பம் எழாது. குழந்தையின் பிறந்த நாளுக்குத் தாய் சேய் நல அட்டையைப் பார்த்தாரா, தாய் ‘ஆடி கடைசியில்’ என்று சொன்னதிலிருந்து எழுதினாரா என்பதற்கும் ஒரு குறியீடு வைப்பது பின்னால் மிகவும் பயன்படும்.

விடை இல்லாத கட்டத்தில் என்ன பதிவது?

காலியாக எதையும் விடக்கூடாது. காலியிடம் என்றால் கேட்கவில்லையா, தெரியாது என்றாரா, மறுத்தாரா, அந்த வீட்டுக்குப் பொருந்தாத கேள்வியா, உள்ளீட்டாளர் தவறவிட்டாரா என்று ஐந்து பொருள். பொருந்தாது 96, மறுத்தார் 97, தெரியாது 98, விடுபட்டது 99 என்று வைப்பது வழக்கம். ஆனால் வயது என்ற இரண்டு இலக்கக் கட்டத்தில் 98 என்பது உண்மையாகவே ஒரு பாட்டியின் வயதாக இருக்கலாம். அங்கே மூன்று இலக்கம் ஒதுக்கி 998 என்று வைக்க வேண்டும். கடன் தொகை போன்றவற்றில் எதிர்ம எண்களை, −8, −9 என்று, வைத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு: நீக்க மறந்து சராசரி எடுத்தாலும், எதிர்ம எண் எங்காவது கண்ணில் பட்டுவிடும். 9999 என்று வைத்தால் அது கடன் வாங்கியவர் போலவே கூட்டத்தில் கலந்துவிடும். ‘இல்லை’ என்பதற்கு 0. அது வேறு, ‘தெரியாது’ வேறு.

தமிழில் எழுதிய விடைகளை எப்படித் தட்டச்சு செய்வது?

யூனிகோடில் மட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகிய ஆபரேட்டர்கள் மண்டல அலுவலகங்களில் இன்னும் உண்டு; அவர்கள் தட்டியது இன்னொரு கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையை எல்லாக் கணினியிலும் அமைத்து, இரண்டு நாள் பழகக் கொடுங்கள்.

யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் உண்டு. ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியும் வரவழைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ‘ஔ’ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவதும், ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகச் சேமிக்கப்படுவதும் அப்படியே. தேடும்போது பாதி வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கொம்பும் காலும் பிரிந்து கிடப்பதை யூனிகோடு இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் செயல், சேர்த்துவிடும். ‘ஒள’வுக்குத் தனியாகத் தேடி மாற்ற வேண்டும்.

‘மற்றவை, குறிப்பிடுக’ என்ற இடங்களுக்கு உள்ளீட்டாளர் குறியீடு கொடுக்க வேண்டாம். எழுதியதை எழுதியபடி தட்டினால் போதும். நான்கு மண்டலத்திலிருந்தும் கொஞ்சம் சேர்ந்த பிறகு, தலைமை அலுவலகத்தில் இருவர் உட்கார்ந்து வகை பிரிக்கலாம்.

எல்லாப் படிவங்களையும் இரண்டு முறை பதிய வேண்டுமா?

இரட்டைப் பதிவு பழைய வழக்கம். துளையட்டைக் காலத்திலேயே ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் சரிபார்ப்பு எந்திரத்தில் மறுபடி தட்டிப் பார்ப்பார். பணமும் காலமும் இருந்தால் முழுமையாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் நான் சொல்வது: ஒவ்வோர் உள்ளீட்டாளரின் முதல் ஐம்பது படிவங்களை முழுமையாகவும், அதன் பிறகு கட்டுக்கு மூன்று படிவங்களைக் குலுக்கல் முறையிலும் இரண்டாம் முறை பதிய வேண்டும். அறிக்கையின் முடிவு எந்த நாலைந்து கேள்விகளில் நிற்கிறதோ அவற்றை மட்டும் எல்லாப் படிவங்களிலும் மறுபடி தட்டுவது நல்ல நடுவழி. ஆயிரம் கட்டத்துக்கு ஐந்துக்கு மேல் தவறு வந்தால் அந்தக் கட்டு முழுவதையும் மறுபடி பதியச் சொல்லுங்கள். 120 கட்டங்கள் உள்ள படிவத்தில் அந்த அளவே இரண்டு படிவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தவறு ஆகிறது என்பதால், இது கடுமையான வரம்பு அன்று.

இரண்டாம் பதிவு வேறொருவரால், முதல் பதிவைப் பார்க்காமல் நடக்க வேண்டும். வேறுபாடு வந்தால் இருவரும் பேசி முடிவு செய்யக்கூடாது. மேற்பார்வையாளர் காகிதத்தை எடுத்துப் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

காகிதத்துக்கும் கணினிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே இது பிடிக்கும். வயதுகள் 30, 35, 40, 45 என்று 0-விலும் 5-இலும் குவிந்து கிடந்தால் அது களத்தில் மதிப்பிட்டு எழுதியதன் விளைவு. மக்கள்தொகை ஆய்வாளர்கள் அதை விப்பிள் குறியீட்டெண்ணால் அளக்கிறார்கள். வாரந்தோறும் கணக்கெடுப்பாளர் வாரியாக இந்தக் குவிவைப் பார்த்தால், யார் பிறப்பு விவரத்தைத் தோண்டிக் கேட்காமல் நகர்கிறார் என்பது பணி முடிவதற்குள் தெரிந்துவிடும். மண்டலத்தில் உடனுக்குடன் பதிவதன் இன்னொரு பயன் இது.

எத்தனை பேர், எத்தனை நாள், சம்பளம் எப்படி?

முன்னோட்டத்தில் முப்பது படிவங்களைப் பதியச் சொல்லி நேரத்தை அளந்துகொள்ளுங்கள்; வேறு ஊர்க் கணக்கை நம்பாதீர்கள். படிவத்துக்கு 15 நிமிடம், நாளுக்கு உண்மையான பதிவு 6 மணி நேரம் என்றால் ஒருவர் 24 படிவம். 6,000 படிவத்துக்கு 250 ஆள்நாள். மண்டலத்துக்கு இருவர் வீதம் எட்டுப் பேர் என்றால் 32 வேலைநாள். மறுபதிவு, மின்தடை, விடுப்பு எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் என்று திட்டமிடலாம்.

எந்த இரண்டு மாதம் என்பதும் முக்கியம். நாகப்பட்டினமும் இராமநாதபுரமும் கடலோரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நெடுநாள் இருட்டில் கிடந்தன. அங்கே செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.

சம்பளத்தைப் படிவக் கணக்கில் கொடுக்காதீர்கள். படிவத்துக்கு இவ்வளவு என்றால், ஐயப் பதிவேட்டில் ஒரு வரி எழுதும் நேரம் அவருக்கு நட்டம். ஐயங்கள் எழுதப்படாமல் ஊகங்களாகப் பதியப்படும். மாதச் சம்பளமோ நாள் சம்பளமோ கொடுத்து, பிழை குறைவாக உள்ளவருக்கு முடிவில் ஊக்கத்தொகை கொடுக்கலாம்.

கோப்புகளைச் சென்னைக்கு எப்படி அனுப்புவது?

வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை, கடவுச்சொல் இட்டுச் சுருக்கிய கோப்பாக. கோப்பின் பெயரிலேயே மண்டலம், நாள், கையேட்டின் பதிப்பு எண் மூன்றும் வந்துவிட வேண்டும். ‘புதியது’, ‘இறுதி’, ‘இறுதி2’ என்ற பெயர்களைத் தடைசெய்யுங்கள். கடவுச்சொல் வேறு வழியாகப் போக வேண்டும். உடன் இரண்டே எண்கள்: பெற்ற கட்டுகள், பதிந்த படிவங்கள். சென்னையில் எண்ணிப் பார்த்து ஒத்துவராவிட்டால் திங்கள் காலையே கேட்டுவிட வேண்டும். மண்டலக் கணினியில் தினமும் நகலெடுக்க ஒரு வெளி வட்டு. கண்ட இடத்தில் செருகிய பென் டிரைவ் வேண்டாம், வைரஸ் அதோடுதான் வரும்.

புரியாத பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்கிறார்கள். சரியா?

வேகமான வழிதான், ஆனால் ஒரு குடும்பத்தின் பெயரும் கைப்பேசி எண்ணும் கடன் தொகையும் முப்பது பேரின் கைப்பேசியில் தங்கிவிடுகின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தில் திரட்டிப் பின்னர் கணினிக்கு மாற்றிய விவரத்தையும் உள்ளடக்கியது. படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கேள்வி எண்ணும் விடையும் மட்டும் தெரியும்படி எடுத்து, படிவ எண்ணைத் தட்டச்சு செய்து, கணக்கெடுப்பாளருக்கு மட்டும் அனுப்பலாம். இதைவிட நல்லது படிவத்தை வடிவமைக்கும்போதே பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றை முதல் தாளில் மட்டும் வைத்து, இரண்டு தாளிலும் படிவ எண்ணை அச்சிட்டு, பதிவுக்கு முன் முதல் தாளைக் கழற்றித் தனி அலமாரியில் பூட்டிவிடுவது. ஆதார் எண்ணைக் கேட்கவே வேண்டாம். கணக்கெடுப்புக்கு அது தேவையில்லை.

பதிவு முடிந்தபின் படிவங்களை எத்தனை காலம் வைத்திருப்பது?

நிதி வழங்கியவரின் ஒப்பந்தத்தில் ஒரு காலம் எழுதியிருக்கும். எழுதாவிட்டால், இறுதி அறிக்கை ஏற்கப்பட்டு, தணிக்கையும் முடியும் வரை என்று நீங்களே முடிவு செய்து, ஒப்புதல் படிவத்தில் மக்களிடம் சொன்னதோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை கட்டு எண் வரிசைப்படி, தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், இரும்பு அலமாரியில் இருக்கட்டும்; கரையானும் ஒழுகும் கூரையும் மண்டல அலுவலகத்தின் நிரந்தர உறுப்பினர்கள். காலம் முடிந்ததும் கட்டோடு பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அலுவலகத்திலேயே பொடியாக வெட்டி, எந்தக் கட்டு எண் முதல் எந்தக் கட்டு எண் வரை, எந்த நாளில், யார் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, இருவர் கையொப்பமிட்டு, அந்தத் தாளை ஐயப் பதிவேட்டோடு சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.